தண்ணீருக்குள் திறந்த கண்



போடிநாயக்கனூரில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கடியில் படம் எடுக்கும் பழைய பிலிம் கேமராவைப் பற்றி எழுதுகிறானே, இவனுக்கு என்ன ஆச்சு என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், நியாயமான கேள்விதான். நம்ம ஊரில் நிமிர்ந்து பார்த்தால் மலை. காற்று திரும்பினால் ஏலக்காய் வாசம். கடல் பார்க்கணும்னா ராமேஸ்வரத்துக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏறணும். அப்படிப்பட்ட ஊரில் இந்தத் தலைப்பு எதற்கு?

பட்டிமன்றத்தில் சொல்வதுபோல என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் படம் எடுக்கும் கேமராவின் சரித்திரம் போட்டோகிராபர்களின் சரித்திரம் அல்ல. அது பட்டறையின் சரித்திரம். லேத்தில் நின்றவன், ரப்பர் வளையம் செய்தவன், கண்ணாடியை இழைத்தவன், பியூஸ் போனதும் மறுபடி மாட்டியவன் ஆகியோரின் சரித்திரம். அதாவது, நம்முடைய சரித்திரம். அதை நாம் படிக்கவில்லை என்பது ஒரு குறை. படித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அதைவிடப் பெரிய குறை.

பாலத்துக்காகப் பிறந்த யோசனை

1856-ஆம் வருடம். இங்கிலாந்தின் தென்கரையில் வேமத் என்ற ஊர். அங்கே வில்லியம் தாம்சன் என்று ஒரு வக்கீல். இயற்கை ஆராய்ச்சியில் ஆசை உள்ளவர். புயல் நேரத்தில் ஒரு பாலத்தின் தூண்களைத் தண்ணீர் அறைவதைப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. தூணுக்கு அடியில் என்ன சேதம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? முக்குளிப்பவனை இறக்கினால் செலவு, ஆபத்து. ஒரு கேமராவை இறக்கினால் என்ன?

சிவில் பிரிவு நண்பர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நீருக்கடிப் படத்தின் முதல் யோசனை மீனைப் பார்த்து வரவில்லை, பவழத்தைப் பார்த்து வரவில்லை. ஒரு பாலத்தூணைப் பார்த்து வந்தது.

தாம்சன் செய்தது ஒரு மரப்பெட்டி. முன்பக்கம் கண்ணாடி. கண்ணாடியை மூட ஒரு மூடி, மூடியைத் தூக்க ஒரு கயிறு. படகிலிருந்து சுமார் 18 அடி ஆழத்தில் இறக்கி, கயிற்றை இழுத்து, பத்து நிமிடம் போலக் காத்திருந்தார். பெட்டிக்குள் கடல்தண்ணீர் புகுந்துவிட்டது. ஆனாலும் தகட்டில் மங்கலாகக் கடலின் தரை விழுந்திருந்தது. உலகத்தில் முதன்முதலாகத் தண்ணீருக்குள் எடுத்த படம் அதுதான் என்கிறார்கள். ஒழுகிய பெட்டியில் பிறந்த படம்!

அடுத்து 1893. பிரான்சின் தெற்குக் கடற்கரையில் பான்யூல் என்ற ஊர். அங்கே அராகோ ஆய்வுக்கூடம். லூயி பூத்தான் என்ற உயிரியல் அறிஞர் கடலுக்குள் இறங்கி, தான் கண்டதை மற்றவருக்கும் காட்ட ஆசைப்பட்டார். அவருடைய சகோதரர் அகுஸ்த் ஒரு என்ஜினீயர். அவர் பெட்டியின் அமைப்பைத் திட்டமிட்டார். ஆய்வுக்கூடத்தின் மெக்கானிக் ஜோசப் டாவித் என்பவர் கூடவே நின்று கருவிகளைச் செய்து கொடுத்தார். ஆழம் போகப் போக வெளியே அழுத்தம் கூடும் அல்லவா? அதற்கு அவர்கள் கண்ட வழி பிரமாதம். காற்று நிரப்பிய ஒரு ரப்பர் பையைப் பெட்டியோடு இணைத்தார்கள். தண்ணீர் பையை அமுக்கும். பையிலுள்ள காற்று பெட்டிக்குள் போகும். உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகும். எவ்வளவு எளிமை பாருங்கள்!

வெளிச்சம் பிரச்சினையாக இருந்தது. ஆக்சிஜன் நிரப்பிய கண்ணாடிக் குடுவைக்குள் மெக்னீசியக் கம்பியை மின்சாரத்தால் எரிய வைத்துப் பார்த்தார்கள். குடுவை வெடித்தது. பிறகு ஒரு பெரிய மரப் பீப்பாயில் ஆக்சிஜன் நிரப்பி, அதன்மேல் ஸ்பிரிட் விளக்கை எரியவிட்டு, ரப்பர் பந்தை அமுக்கி மெக்னீசியப் பொடியைத் தீயில் ஊதினார்கள். பளிச்! அதன் பிறகு பேட்டரியில் எரியும் ஆர்க் விளக்குகளையும் கடலுக்குள் இறக்கிப் பார்த்தார்கள். 1900-ல் பூத்தான் இதைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார்.

இதைப் படிக்கும்போது எனக்கு மனதில் தைத்தது ஒன்று உண்டு. பூத்தானின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. மெக்கானிக் டாவித்தின் பெயர் சில புத்தகங்களில்தான் எட்டிப் பார்க்கிறது. யோசித்தவன் பெயர் நிற்கிறது, படம் எடுத்தவன் பெயர் நிற்கிறது, செய்தவன் பெயர் மட்டும் ஏன் அடிக்குறிப்புக்குப் போகிறது? டிப்ளமோ படிக்கிற நமக்கு இந்தக் கேள்வி புதிதா என்ன?

இருபதாம் நூற்றாண்டில் வேகம் பிடித்தது. அமெரிக்காவில் வில்லியம்சன் என்ற கப்பல் தலைவர், கப்பலிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் நீண்ட குழாய் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அவர் மகன் ஜான் எர்னஸ்ட் வில்லியம்சன் பத்திரிகைப் படக்காரர். குழாயின் அடியில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஓர் இரும்பு அறையைப் பொருத்தி, அதற்குள் உட்கார்ந்து 1914-ல் பகாமாஸ் தீவுக் கடலில் சினிமா எடுத்தார். கேமரா நனையவே இல்லை. ஆள்தான் கடலுக்குள் இருந்தார். 1916-ல் ஜூல் வெர்னின் கடலடிக் கதை சினிமாவாக வந்தது அவருடைய இந்த ஏற்பாட்டால்தான். 1926-ல் லாங்லி என்ற விஞ்ஞானியும் சார்லஸ் மார்ட்டின் என்ற படக்காரரும் புளோரிடா பக்கம் கடலுக்குள் முதல் வண்ணப்படங்களை எடுத்தார்கள். மேலே மிதவையில் மெக்னீசியப் பொடியைக் கொளுத்தித்தான் வெளிச்சம்! 1927-ல் நேஷனல் ஜியாகிரபிக் பத்திரிகையில் அவை வெளிவந்தன.

மூன்று எதிரிகள்

இவர்கள் எல்லாரும் மோதியது மூன்று எதிரிகளோடு. மூன்றும் நம் பாடப்புத்தகத்தில் இருப்பவை.

முதல் எதிரி அழுத்தம். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ என்று ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்தோம். பரீட்சைக்கு எழுதினோம், மறந்தோம். இப்போது கணக்குப் போடுங்கள். கேமராப் பெட்டியின் முன்கண்ணாடி 10 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ. ஐம்பது மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் 5 கிலோ. பெருக்கினால் 392 கிலோ. அதாவது 50 கிலோ ஏலக்காய் மூட்டை எட்டை, உள்ளங்கை அகலக் கண்ணாடியின் மேல் அடுக்கினால் என்ன பாரமோ அது. ஃபார்முலாவாகப் படித்தபோது இது உறைத்ததா? எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாம் எதிரி நிறம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. பத்து மீட்டருக்குக் கீழே தக்காளிப்பழம் கறுத்துத் தெரியும். அதனால்தான் கையோடு வெளிச்சம் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

மூன்றாம் எதிரி ஒளிவிலகல். டம்ளர் தண்ணீரில் போட்ட ஸ்கேல் வளைந்து தெரியுமே, அதேதான். நீரின் விலகல் எண் 1.33. தட்டைக் கண்ணாடி வழியே பார்த்தால் நாலடி தூரத்தில் இருக்கும் மீன் மூன்றடியில் இருப்பதுபோலத் தெரியும். உருவமும் பெருத்துத் தெரியும். இதைச் சரிக்கட்டக் கவிழ்த்த கிண்ணம்போல வளைந்த கண்ணாடியை முன்னால் பொருத்தினார்கள். தண்ணீரைத் தொட்டால் மட்டுமே ஒழுங்காக வேலை செய்கிற லென்சுகளையும் தனியாகக் கணக்கிட்டுச் செய்தார்கள்.

ஒரு ரப்பர் வளையத்தின் பெருமை

1950-கள் வரை நிலைமை என்னவென்றால், தரையில் பயன்படும் கேமராவை எடுத்து, தண்ணீர் புகாத ஒரு பெட்டிக்குள் வைப்பதுதான். ஜெர்மனியில் ரோலைஃப்ளெக்ஸ் கேமராவுக்காக ரோலைமரின் என்று ஒரு பெட்டி வந்தது. அதன் பின்னால் வியன்னாவைச் சேர்ந்த முக்குளிப்பாளர் ஹான்ஸ் ஹாஸ் இருந்தார். நல்ல சாமான்தான். ஆனால் பெட்டி பெட்டிதானே? பெரிசு.

பிரெஞ்சுக் கடல் ஆராய்ச்சியாளர் கூஸ்தோவின் குழுவுக்காக ழான் த வூத்தர் என்ற பெல்ஜிய என்ஜினீயர் வேறு மாதிரி யோசித்தார். கேமராவுக்குப் பெட்டி எதுக்கு? கேமராவே பெட்டியாக இருந்தால்? அப்படி 1960-களின் தொடக்கத்தில் பிறந்தது கலிப்ஸோ. கூஸ்தோவின் கப்பலின் பெயரே கேமராவுக்கும். 1963-ல் ஜப்பானின் நிக்கான் நிறுவனம் அதை வாங்கி நிக்கோனோஸ் என்ற பெயரில் வெளியிட்டது. 1968-ல் இரண்டாவது மாடல், 1975-ல் மூன்றாவது, 1980-ல் நான்காவது, 1984-ல் ஐந்தாவது. 1992-ல் தானே ஃபோகஸ் செய்துகொள்ளும் ஆர்.எஸ். மாடல், 100 மீட்டர் ஆழம் வரை போகக்கூடியது. 2001-ல் நிக்கோனோஸ் வரிசையையே நிறுத்திவிட்டார்கள். டிஜிட்டல் வந்தாயிற்று.

பழைய நிக்கோனோஸைத் திறக்கும் முறையைக் கேட்டால் மெக்கானிக்கல் நண்பர்கள் அசந்துபோவார்கள். ஸ்குரூ கிடையாது. முதலில் லென்சைக் கழற்ற வேண்டும். லென்ஸ்தான் பூட்டு! அது வந்த பிறகு, வாரை மாட்டும் இரண்டு காதுகளையே நெம்புகோலாக வைத்து நெம்பினால், உள் இயந்திரம் முழுவதும் வெளிக்கூட்டை விட்டு மேலே எழும்பி வரும். படம் எடுப்பதற்கும் பிலிமை நகர்த்துவதற்கும் ஒரே ஒரு நெம்புகோல். கடலுக்குள் விறைத்துப்போன விரலுக்கு அதுவே போதும். தேவையில்லாத ஒரு பாகம் கிடையாது.

கடலுக்கும் கேமராவுக்கும் நடுவில் நிற்பது என்ன தெரியுமா? சில ரப்பர் வளையங்கள். நாம் ஓ-ரிங் என்கிறோமே, அதுதான். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வளையம். வீட்டில் குக்கர் கேஸ்கட்டைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் ஏற ஏற மூடியோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஓ-ரிங்கும் அப்படித்தான். எதிரி அமுக்க அமுக்க இறுகும். ஆனால் அதன்மேல் ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் கிடந்தால் போதும், கதை முடிந்தது. 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்ததற்கும் குளிரில் விறைத்துப்போன ஓ-ரிங்தான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. சின்னச் சாமான் என்று உலகத்தில் எதுவும் இல்லை நண்பர்களே!

இந்தக் கேமரா தண்ணீருக்குள் மட்டும் போகவில்லை. வியட்நாம் போரின் மழையிலும் சேற்றிலும் பத்திரிகைக்காரர்கள் கழுத்தில் தொங்கியது. நம்ம போடிமெட்டில் சாரல் அடிக்கிற மாதத்தில் நின்று பாருங்கள், இதன் அருமை புரியும். ஈரம் என்பது நம் மலைக்காரர்களுக்குப் புதிதல்ல. ஏலக்காயை ஸ்டோரில் போட்டுக் காய வைக்காவிட்டால் பூஞ்சை பிடித்துச் சரக்கு போச்சு. கேமரா லென்சும் அதே கதைதான். உள்ளே சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்துவிடும். விடிகாலையில் ஜீப் ஏறிக் காய் எடுக்கப் போகிற அக்காமார், செல்போனைப் பாலிதீன் கவரில் போட்டு, வாயை மடித்து, ரப்பர் பேண்ட் சுற்றுகிறார்களே, அது என்ன? தாம்சன் பெட்டியின் தத்துவம்தான். கயிறு இல்லாத குறை ஒன்றுதான்!

படம் வந்தால் சரித்திரம்

இப்போது நம் பக்கத்துக் கடலுக்கு வருகிறேன்.

இலங்கையில் திருகோணமலை. தேவாரம் பாடிய கோணேசர் கோயில். 1620-களில் போர்ச்சுகீசியர் அதை இடித்தார்கள். கற்களை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். மிச்சம் கடலில் விழுந்தது. கோயில் போன பிறகும் ஜனங்கள் அந்தச் சாமிமலைப் பாறையின் உச்சியில் நின்று கடலைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பூவும் பழமும் தண்ணீருக்குள் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக.

1956-ல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் காற்று உருளை கட்டிக்கொண்டு அந்தப் பாறைக்கு அடியில் இறங்கினார்கள். பூவேலை செய்த தூண்களும் செதுக்கிய கற்களும் கடலின் தரையில் கிடந்தன. வில்சன் படக்காரர். 1957-ல் கிளார்க்கின் புத்தகமாக அந்தக் கடல் அனுபவம் வெளிவந்தது. 1962-ல் அதே கடலிலிருந்து ஒரு லிங்கத்தையும் வில்சன் கண்டெடுத்தார். அதற்கு முந்தின வருடம்தான், இலங்கையின் தென்பகுதிக் கடலில் படம் எடுக்கப் போன இடத்தில், சூரத்தில் அச்சடித்த ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்களை அவர் குழு கண்டுபிடித்தது. வில்சன் இயக்கிய ரன்முது துவ என்ற சிங்களப் படம் 1962-ல் வந்தது. அந்த மொழியின் முதல் முழுநீள வண்ணப்படமும் அதுவே, நீருக்கடிக் காட்சிகளும் அதிலே. இந்த வில்சனே பின்னாளில் சாமியாராகி, சுவாமி சிவகல்கி என்று பெயர் மாற்றிக்கொண்டார் என்பது தனிக்கதை.

இதில் என் கருத்து என்னவென்றால், "தண்ணிக்குள்ள கோயில் இருக்கு" என்று ஊர்க்காரன் முந்நூறு வருஷம் சொன்னான், அது கதை. ஒரு கேமரா சொன்னது, அது சரித்திரம். கேமரா மேல் எனக்குக் கோபம் இல்லை. சாட்சி சொல்லும் கருவி யார் கையில் இருந்தது, யார் கையில் இல்லை என்பதுதான் என் கேள்வி.

மன்னார் வளைகுடாவில் நம் ஆட்கள் இரண்டாயிரம் வருஷமாக முத்துக் குளித்தார்கள். காலில் கல், இடுப்பில் கூடை, மூச்சு ஒன்றே மூலதனம். கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் நிறுத்துவார்கள் என்பார்கள். அக்கா தங்கையின் தாலி அவன் கையில் அல்லவா! தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். கலிப்ஸோ கடைக்கு வந்த அதே காலம். கடலின் தரையை நம்மைவிட அதிகமாகப் பார்த்த கண்கள் அவர்களுடையவை. அவர்கள் கண்டதில் ஒரு பிலிம் சுருள்கூட இல்லை. இது எனக்கு வலிக்கிறது.

அதே சமயம், படம் இருந்தால் எல்லாம் உண்மை என்று குதிக்கவும் கூடாது. பூம்புகார் கடலில் 1991-லும் 1993-லும் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் எஸ்.ஆர். ராவ் வழிகாட்டலில் ஆராய்ந்தது. கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாடம் போன்ற ஓர் அமைப்பைக் கண்டார்கள். பின்னால் 2001-ல் வெளிநாட்டு எழுத்தாளர் கிரகாம் ஹான்காக் வந்து முங்கிப் பார்த்து, பனியுகத்து நகரம் என்று டி.வி.யில் சொன்னார். தொல்லியல் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. படம் உருவத்தைக் காட்டும், வயதைச் சொல்லாது. வயதுக்கு வேறு சோதனை வேண்டும். நம் பழம்பெருமைக்காகக்கூட அளவுகோலை வளைக்கக் கூடாது என்பது தொழில்நுட்பம் படித்தவனின் முதல் ஒழுக்கம்.

நம்ம தண்ணி, நம்ம அணை

கடல் எதுக்கு, நம்ம முல்லைப் பெரியாறுக்கே வருவோம். 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை. கம்பம் பள்ளத்தாக்கின் சோறு அதில்தான் இருக்கிறது. அதன் பலத்தைப் பற்றி இரண்டு மாநிலமும் கோர்ட்டில் நின்றபோது, உச்ச நீதிமன்றம் 2010-ல் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவுக்காக நடந்த சோதனைகளில் ஒன்று, தண்ணீருக்குள் தானே நகரும் கேமராக் கருவியை இறக்கி அணையின் நீர்ப்பக்கச் சுவரைப் பார்த்தது. 2012-ல் அறிக்கை, 2014 மே 7-ல் 142 அடிக்குத் தீர்ப்பு. 1856-ல் ஒரு வக்கீல் பாலத்தூணுக்காகக் கண்ட கனவு, நம் அணைச் சுவரில் வந்து பலித்தது பாருங்கள்!

இன்னும் பக்கத்தில் வாருங்கள். தோட்டத்து ஆழ்குழாயில் மோட்டார் சிக்கிக்கொண்டால் இன்றைக்குக் கேமரா வண்டிக்குத்தானே போன் போடுகிறோம்? வயரில் கட்டி இறக்குகிறார்கள். மேலே சின்ன டி.வி.யில் பாறை வெடிப்பும் ஊற்றும் தெரிகிறது. அதுவும் நிக்கோனோஸின் பேரப்பிள்ளைதான். ஆனால் திறந்த கிணற்றில் ஃபுட்வால்வு அடைத்துக்கொண்டால் இன்னமும் யார் இறங்குகிறார்கள்? ஊரில் மூச்சுப் பிடிக்கத் தெரிந்த ஓர் அண்ணன். கலங்கல் தண்ணீருக்குள் கையால் தடவித்தான் வேலை. ஓர் உயிர், ஒரு நூறு ரூபாய்த் தாள்கள், அவ்வளவுதான் கணக்கு. தாம்சன் காலத்துக் கேள்வி நம் கிணற்று மேட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது: ஆளை இறக்காமல் பார்க்க முடியாதா?

என்ன செய்யலாம்?

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். இறுதியாண்டு புராஜெக்ட் எப்படி நடக்கிறது என்று நமக்குத் தெரியும். நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு, வெளியே ரெடிமேடாக விற்கிற ஒன்றை வாங்கி, பெயர் ஒட்டி, பெயிண்ட் அடித்து, மேஜையில் வைத்து, மார்க் வாங்கி, மறுநாள் ஸ்டோர் ரூமில் எறிவது. எல்லாரும் அல்ல, ஆனால் நிறையப் பேர். இது யாரை ஏமாற்றுகிற வேலை? சாரையா? இல்லை. நாளைக்கு இன்டர்வியூவில் "இதை நீ எப்படிச் செய்தாய்?" என்று கேட்கும்போது வாயடைத்து நிற்கப்போவது நாம்தான்.

அதற்குப் பதில் கிணற்றுக் கேமரா ஒன்றைச் செய்வோம் என்கிறேன். ஒரு துண்டு கெட்டியான பி.வி.சி. குழாய், முன்னால் அக்ரிலிக் தகடு, ஓ-ரிங், உள்ளே ஒரு சின்ன கேமரா, சுற்றி எல்.இ.டி. விளக்கு. மெக்கானிக்கல் காடி வெட்டட்டும்; ஓ-ரிங் உட்காரும் காடியின் அளவு தப்பினால் எல்லாம் வீண் என்பதைக் கை கற்றுக்கொள்ளும். எலக்ட்ரிகல் வயர் நுழையும் இடத்தை அடைக்கட்டும். சப்மெர்சிபிள் மோட்டாரில் கோயமுத்தூர்க்காரர்கள் செய்வது அதே வித்தைதான். எலக்ட்ரானிக்ஸ் படத்தை மேலே கொண்டுவரட்டும். சிவில் கிணற்றுச் சுவரின் வெடிப்பை அளந்து அறிக்கை எழுதட்டும்.

ஒரு எச்சரிக்கை. "6 கிலோ பைப்புதானே, 60 மீட்டர் தாங்கும்" என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். குழாயில் அச்சடித்திருப்பது உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்கான எண். வெளியிலிருந்து அமுக்கினால் குழாய் நசுங்குவது வேறு கணக்கு. அதனால் முதலில் கேமரா இல்லாமல், உள்ளே உலர்ந்த டிஷ்யூ காகிதம் மட்டும் வைத்து, கல் கட்டி இறக்கிப் பாருங்கள். காகிதம் காய்ந்து வந்தால் பாஸ். நனைந்து வந்தால் எங்கே நனைந்திருக்கிறது என்று பாருங்கள், அதுவே வாத்தியார். உலகமெங்கும் முக்குளிப்பவர்கள் கேமராப் பெட்டியை இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

"சரிப்பா, இதுக்கு அந்தப் பழைய பிலிம் கேமரா எதுக்கு?" என்று ஒரு நண்பர் கேட்கலாம். பிலிம் கிடைப்பது கஷ்டம், கழுவும் லேப்களும் பெரும்பாலும் மூடியாச்சு. உண்மை. நான் பிலிமுக்குத் திரும்பச் சொல்லவில்லை. பழைய இயந்திரத்தில் காரணமும் காரியமும் கண்ணுக்குத் தெரியும். நெம்புகோலை அழுத்தினால் எந்தப் பல் எதை இழுக்கிறது என்று பார்க்கலாம். ஒழுகினால் எந்த வளையம் என்று விரல் வைக்கலாம். இன்றைய போனும் தண்ணீர் புகாது என்கிறார்கள். ஆனால் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். ஒட்டி மூடிவிட்டார்கள். நம்மை உள்ளே விடாத இயந்திரம் நமக்கு எதையும் சொல்லித் தராது.

இன்னொரு பாடமும் உண்டு. பிலிம் ஒரு சுருளுக்கு 36 படம். தண்ணீருக்குள் சுருள் மாற்ற முடியாது. 36 முடிந்தால் மேலே வரவேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் யோசித்தார்கள். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு லென்சில் வைத்தார்கள். ஒரு நாளைக்கு நூறு படம் எடுத்துவிட்டு ஒன்றையும் திரும்பப் பார்க்காத நமக்கு அந்தச் சிக்கனம் கொஞ்சம் வேண்டும்.

வெளிநாட்டில் இந்தக் கேமராக்களைச் சேகரிப்பவர்கள் கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறார்கள். நம் பக்கம் மூடிய ஸ்டுடியோக்களின் கேமராக்கள் எடைக்குப் போகின்றன. ஒன்று சாமியாக்குவது, இன்னொன்று குப்பையாக்குவது. இரண்டும் எனக்குச் சம்மதமில்லை. இயந்திரம் என்றால் கழற்ற வேண்டும், துடைக்க வேண்டும், கிரீஸ் போட வேண்டும், மறுபடி ஓட வேண்டும்.

ஆகவே பேரவைக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று: நம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு அலமாரி ஒதுக்குங்கள். போடியிலும் தேனியிலும் மூடிய ஸ்டுடியோக்காரர்களிடம், எந்தக் கம்பெனி ஆனாலும் சரி, பழுதான ஒரு பழைய கேமராவைக் கேட்டு வாங்குவோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதைக் கழற்றி மாட்டுவோம். இரண்டு: வரும் ஆண்டில் குறைந்தது ஒரு புராஜெக்டாவது நாலு பிரிவும் சேர்ந்து நம் கையால் செய்த கிணற்றுக் கேமராவாக இருக்கட்டும். செய்து முடித்ததும் ஒரு பித்தளைத் தகட்டில் பெயர்களைப் பொறிப்போம். வரைந்தவர் பெயர், லேத்தில் நின்றவர் பெயர், காடி வெட்டியவர் பெயர், கயிறு பிடித்தவர் பெயர், எல்லாம் ஒரே அளவு எழுத்தில்.

தோற்றால்? தாம்சனின் பெட்டியும் ஒழுகியது. ஒழுகியும் படம் விழுந்தது. இறக்கிப் பார்த்தவனுக்கு மட்டும்தான் அது தெரியும்.

இறக்கிப் பார்ப்போம், வாருங்கள்!